இமைக்குள் நிறம்

மழை நின்று நான்கு நாள்.
டென்னசி மண் இன்னும் ஒட்டுகிறது.
வெர்லீன் ஒவ்வோர் ஆட்டின் கீழிமையையும்
கட்டைவிரலால் இழுத்துப் பார்க்கிறாள்.
சிவப்பென்றால் விடு.
வெளுப்பென்றால் குடலில் புழு, மருந்து.

போயர் கிடா மூவாயிரம் டாலர்.
செந்தலை, வெள்ளுடல், தொங்கு காது;
தொடையை அழுத்தினால் விரல் அமிழாது.
அதன் குட்டிகள் தராசில் ஏறியபோது
முள் துள்ளியதைச் சந்தையே பார்த்தது.
இன்று அதன் இமை
கழுவிய பீங்கான்.

கிக்கோப் பெட்டையோ
கடனுக்கு ஈடாக ஹாஸ்கெல் தள்ளிவிட்டது.
இதே சேற்றில் குளம்பு அழுகாமல்
யாரும் எழாத நேரத்தில் இரண்டு ஈன்று
நக்கி நிறுத்திவிட்டு
முட்புதரை மென்றுகொண்டிருந்தது.
எடையில்தான் எட்டு பவுண்டு குறைவு,
எண்ணிக்கையில் இல்லை.

பக்ரீத்துக்கு மூன்று வாரம் முன்
நாஷ்வில்லிலிருந்து வந்த சிர்வான்
இனம் எதுவென்று கேட்கவே இல்லை.
பல் பார்த்தான், கொம்பு பார்த்தான்,
முதுகெலும்போரம் கைவைத்தான்.
பதினொன்றுக்குப் பணம் எண்ணினான்.
அதில் ஒன்பது கிக்கோ.

கிடா தேறினால் அக்டோபரில்
கிக்கோப் பட்டிக்கு என்று
கொட்டகைச் சுவரில் கிறுக்கினாள் வெர்லீன்.
பிறகு வண்டிக் கண்ணாடியில் குனிந்து
தன் இமையை இழுத்துப் பார்த்தாள்.
வெளிச்சம் போதவில்லை.