மெழுகுவர்த்தி ஜாடி

எல்லை நிறுத்தத்திலிருந்து மாதிரிகள்
நிலக்கரி லாரியில் வருகின்றன,
ஓட்டுநர் பியாம்பாவின் ஆட்டுத்தோல் கோட்டுக்குள்
நெஞ்சோடு ஒட்டி.
வெளியே கோபியில் உறைநிலைக்குக் கீழே முப்பத்தொன்று.
என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை.
குளிர்ந்தால் செத்துவிடும் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.
பொத்தான்களைக் கழற்றி
அன்று ஈன்ற குட்டியை எடுப்பதுபோல் எடுத்து நீட்டுகிறார்.

அவ்வளவு மெலிந்த உயிர் இந்த வெட்டைநோய்க் கிருமி.
கதவின் கைப்பிடியில் தங்காது,
தேநீர்க் கிண்ணத்தில் தங்காது,
காற்றில் ஒரு முழம் போகத் தெரியாது.
ஓர் உடம்பின் ஈரத்திலிருந்து
இன்னோர் உடம்பின் ஈரத்துக்கு, அவ்வளவுதான் பாதை.
அந்த ஒற்றைப் பாதையிலேயே
பேரரசுகளைக் கடந்து
தாலான்சத்காத் வரை வந்திருக்கிறது.

ரத்தத்தைப் பழுப்பாகும்வரை சூடாக்கி
அதற்குச் சமைக்கிறேன்.
சாக்லேட் என்று பெயர். சாக்லேட் துளியும் கிடையாது.
தட்டுகளை ஜாடியில் அடுக்கி
மேலே மெழுகுவர்த்தியை ஏற்றி மூடுவேன்.
சுடர் தன் காற்றைத் தானே குடித்து
குறுகி, நீலமாகி, அணையும்.
மிஞ்சும் அந்த மூச்சுமுட்டல்தான் அதற்கு வீடு.
தலைநகரில் இதற்கென்று எந்திரம் இருக்கிறது.
என்னிடம் இருப்பது
வெள்ளரி ஊறுகாய் வந்த ஜாடி.

மூன்றாம் நாள் லென்ஸுக்குக் கீழே
இளஞ்சிவப்பாய், இரண்டிரண்டாய்,
முகம் பார்த்து ஒட்டிய மொச்சைகள்.
தேடித்தான் பார்த்தேன், தனியாக ஒன்றில்லை.
(எனக்கு விவாகரத்தாகி ஆறு வருடம்.
அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.)

மருந்து வில்லைகள் நான்கு.
மூன்றின் ஓரம்வரை வந்து மேய்ந்திருக்கிறது.
நான்காவதைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம்.
அளவுகோலை வைக்கிறேன்.
போன குளிர்காலத்தைவிட
நான்கு மில்லிமீட்டர் குறைவு.
வேறு யாராவது வந்து அளந்தால் நன்றாக இருக்கும்.

சுவரில் வரைபடம்.
புள்ளிகள் ஆட்கள், கோடுகள் இரவுகள்.
லாரிகள் பதினோரு நாள் எல்லையில் காத்துக் கிடந்த வாரம்
தாளில் இடம் போதாமல் கீழே இன்னொன்று ஒட்டினேன்.

பத்தொன்பதாம் புள்ளி நேற்று
நேரே வந்து என் எதிரில் உட்கார்ந்தது.
பெயர் செவெல்மா. பனி ஒட்டிய தொப்பி.
இருபதாம் புள்ளி அவள் கணவன்.
"யாரிடமிருந்து யாருக்கு?
அதை மட்டும் சொல்."

இருவரின் கிருமியையும் எழுத்தெழுத்தாய்ப் படித்திருந்தார்கள்.
இருபது லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகளில்
மூன்றே மாறியிருந்தன.
நெருங்கிய சொந்தம் என்று சொல்லலாம்.
யார் கொடுத்தது, யார் வாங்கியது,
நடுவில் மூன்றாவது ஒருவர் உண்டா,
அந்த எழுத்துகள் சொல்லவில்லை என்றேன்.
கோடு போடலாம். அம்பு போட முடியாது.

அழுவாள் என்று கைக்குட்டையைத் தேடினேன்.
அவள் தொப்பியைக் கழற்றி
பனியை மெல்லத் தட்டிக்கொண்டே கேட்டாள்:
"அப்படியானால்
அவருக்கும் தெரியவராதா?"

தெரியவராது.

சட்டைக் கையை மடித்து ஊசிக்கு நீட்டியபோது
இதற்கு இடுப்பில் போடுவார்கள் என்று சொல்லவேண்டியிருந்தது.
இருவரும் சிரித்தோம்,
எதற்கென்று சரியாகத் தெரியாமல்.

அவள் போனபின் ரப்பரை எடுத்து
மற்ற கோடுகளில்
நானாகவே பென்சிலில் போட்டிருந்த அம்பு முனைகளைத்
தேய்த்து அழித்தேன். இருபத்தாறு.
ஐந்தாறு இடத்தில் தாள் கிழிந்தது.

இன்று காலை பியாம்பா
வாசலில் பூட்ஸை உதறியபடி முதல் தடவையாகக் கேட்டார்,
"போன வாரம் கொண்டுவந்தேனே,
பிழைத்ததா?"
பிழைத்தது என்றேன்.
மனிதர் முகமெல்லாம் மலர்ந்து
அடுத்ததற்குப் பொத்தானைக் கழற்றினார்.