நாற்பத்தொரு விநாடி

பதினோரு பக்கம்.
என் கடை மிஷினில் நானே பிரிண்ட் போட்டேன்.
பக்கத்துக்கு மூணு ரூபாய்,
யாரிடம் வாங்க?

கலெக்டர் ஆபீஸ் எதிரே, கொக்கிரகுளத்தில்
திங்கள்தோறும் மனுக்களை நகலெடுக்கிறவள் நான்.
'கருணை கூர்ந்து' எந்த வரியில் வரும்,
'இப்படிக்கு' எந்த மூலையில் நிற்கும்,
பார்க்காமலே சொல்வேன்.
இந்தத் தாளில் கருணை எங்கேயும் இல்லை.
'என்றென்றைக்கும்' மட்டும் ஆறு தடவை.
'உலகெங்கும்' நாலு.
'இனிமேல் கண்டுபிடிக்கப்படும் கருவிகளிலும்' என்று ஓரிடத்தில்.
பிறக்காத கருவிக்கும் இப்பவே எழுதித் தரணும்.

ஒன்பது லட்சம் பேர் பார்த்த வீடியோ,
நீங்களும் பார்த்திருக்கலாம்.
மார்கழி வெள்ளம்.
எங்கள் தெருவை ஆறு எடுத்துக்கொண்ட காலை.
மாடியிலிருந்து எடுத்தது.
காப்பி நிறத் தண்ணீரில்
மல்லாந்து வருகிறது சிவப்பு ஃபிரிட்ஜ் ஒன்று.
அதன்மேல் ஒரு பூனை,
ஜங்ஷன் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்த மாதிரி.
பதினேழாவது விநாடியில் ஒரு சிரிப்பு கேட்கும்.
என்னுடையது.
இருபத்து மூன்றில் நின்றுவிடும்.
கதவில் ஒட்டியிருந்த மயில் ஸ்டிக்கரை
அப்போதுதான் பார்த்தேன்.
பேராச்சி அக்கா வீட்டு ஃபிரிட்ஜ்.
ஏழு தவணை பாக்கி.
மிச்சப் பதினெட்டு விநாடியும் மழைதான்.

சென்னையிலிருந்து நிவேதன் என்று ஒருவர் பேசினார்,
கடன் வேணுமா என்று கேட்கிறவர்களின் குரலில்.
"இருபத்தஞ்சாயிரம் மேடம். எக்ஸ்க்ளூசிவ்.
அந்தச் சிரிப்புதான் ஹைலைட்.
அது இல்லாட்டி வெறும் வெள்ளம்."
கையெழுத்துப் போட்டால்
என் பக்கத்திலிருந்து நானே அழிக்கணுமாம்.
போனில் வைத்துக்கொள்ளலாமா என்றேன்.
கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

இதே வீடியோவைத்தான் அக்கா
நிவாரண மனுவோடு கொண்டுபோய்க் காட்டினாள்.
"இதெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா. பில் இருக்கா?"
பில் ஃபிரிட்ஜுக்கு மேலேதான் இருந்தது,
பூனை ஏறுவதற்கு முன்னால்.

கடைச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு
இன்னும் என் தோள் உயரத்தில் இருக்கிறது.
பழைய மிஷின் எடைக்குப் போனது.
புதியதற்கு மாசம் நாலாயிரத்து இருநூறு.
இருபத்தஞ்சாயிரத்தை
நாலாயிரத்து இருநூறால் வகுத்துக்கொண்டே
இரண்டு ராத்திரி படுத்திருந்தேன்.
ஒவ்வொரு தடவையும் ஆறு மாசம்தான் வந்தது.
ஆறு மாசத்துக்கு ஆறு 'என்றென்றைக்கும்'.

மூணாம் நாள் அக்காவிடம் போனேன்.
சாளை கழுவிக்கொண்டிருந்தாள்.
பணத்தைச் சொன்னேன்.
சிரித்ததையும் சொன்னேன்.
"தெரியும்ட்டி," என்றாள், தலை நிமிராமல்.
"ஒன் சிரிப்பு எனக்குத் தெரியாதா?
மொத நாளே கேட்டாச்சு."
செதில் ஒன்று என் கையில் வந்து ஒட்டியது.
தட்டிவிடத் தோன்றவில்லை.
"ஒன் படம். எம் பெட்டி.
பூன யாருக்கும் சேத்தி இல்ல.
வாரதுல பாதி எனக்கு.
சிரிப்ப மட்டும் குடுக்காத.
யாரு வீட்லயோ போயி
அது ஓயாம சிரிச்சிக்கிட்டு கெடக்கும்."

சிவப்பு மைப் பேனா எடுத்தேன்.
ஆறு 'என்றென்றைக்கும்' ஆறையும் அடித்தேன்,
மேலே 'இரண்டு வருடம்' என்று எழுதினேன்.
எக்ஸ்க்ளூசிவை அடித்தேன்.
ஒலி சேராது என்று ஓரத்தில் தமிழிலேயே போட்டேன்.
தொகைக்குப் பக்கத்தில் இரண்டு பெயர்.
கடைசிப் பக்கத்தில், கைப்பழக்கம்,
'தங்கள் உண்மையுள்ள' வந்துவிட்டது.
அதையும் அடித்தேன்.

அனுப்பியதும் இரண்டு நீலக் கோடு விழுந்தது.
இன்றோடு ஒன்பது நாள்.

திங்கட்கிழமை. வரிசை வாசல் தாண்டி நிற்கிறது.
அக்கா வந்தாள்,
மூணாவது தடவையாக அதே மனு, இரண்டு பக்கம்.
"என்னட்டி, நம்ம பெட்டி வித்துச்சா?"
"இல்லக்கா."
"சவம், போவுது."
ஆறு ரூபாயை எண்ணி மேசையில் வைத்தாள்.
எப்போதும் வேண்டாம் என்று தள்ளிவிடுவேன்.
இன்று எடுத்து டப்பாவில் போட்டேன்.
சில்லறை சரியாக இருந்தது.