காற்று எடுத்தல்

தொப்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால்
பதினோரு வருஷம் கேஸ் சொத்தாக நின்ற மூக்கு லாரி.
ஏலத்தில் எடுத்தபோது
கேபினுக்குள் வேலிக்காத்தான் முளைத்து
ஸ்டியரிங் வளையம் வழியாக
வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தது.
அதை வெட்டவே முதல் நாள் போயிற்று.

இன்ஜின் பேச்சுக் கேட்டது.
நாலு நாள் டீசலில் ஊறியதும்
பிஸ்டன் மனசு மாறியது.
தகரம் பியாரேஜான் பாய் பொறுப்பு.
மூக்கின் நசுங்கலை உள்ளிருந்து தட்டி,
தட்டியதைவிட அதிகம் விரலால் தடவி,
வெளியே கொண்டுவந்தார்.

பிரேக்குக்குத்தான் பயந்தேன்.
டிரம்மை நாகோஜி லேத்தில் கடைந்து வாங்கி,
லைனிங்குக்குப் புது ரிவிட் அடித்து,
நாலு சக்கரத்துக்கும் ரப்பர் மாற்றினேன்.
பழைய ரப்பர் அப்பளம், தொட்டால் நொறுங்கியது.
மிச்சம், காற்று எடுப்பது.
ஆயில் குழாயில் ஒரு பொட்டுக் காற்று தங்கினாலும்
மிதி பஞ்சு.

அதற்கு இரண்டு பேர் வேண்டும்.
நட்டு வாங்க நாலு ரோட்டுக்குப் போன இர்ஷாத்
இன்னும் திரும்பவில்லை.

அப்போதுதான் அந்த அம்மா வந்தது.
கெம்பம்மாள், ஏரியூர்.
"எங்க வூட்டுக்காரர் ஓட்டுன வண்டி" என்றது.
கணவாய், தக்காளி லோடு, விடியாத நேரம்,
எதையும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
எஃப்.ஐ.ஆர். நகல்
ஆர்.சி. புத்தகத்தோடு என் பீரோவில் இருக்கிறது.

என்ன பேசுவதென்று தெரியாமல்
"கொஞ்சம் ஏறி பிரேக்கை மிதிக்கிறீங்களா" என்றுவிட்டேன்.
சொன்ன பிறகு நாக்கைக் கடித்தேன்.
செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு
ஏறி உட்கார்ந்தது.

தூரத்துச் சக்கரம் முதலில்.
மல்லாந்து படுத்து, நிப்பிளில் டியூப் மாட்டி
மறுமுனையை ஊறுகாய் பாட்டிலில் விட்டேன்.
மிதிங்க.
புடிச்சுக்கங்க.
விடுங்க.
மிதிங்க.
பாட்டிலில் குமிழி குமிழியாக வந்தது.
"என்னாது வர்றது?" மேலிருந்து குரல்.
"காத்துங்க."
"வெறுங்காத்தா?"
"ஆமாங்க."
அதன்பின் கொஞ்ச நேரம் மிதி அசையவில்லை.
டியூபைப் பிடித்தபடியே கிடந்தேன்.
பிறகு, நான் சொல்லாமலே, மிதித்தது.

மூன்றாம் சக்கரத்தில்
ஆயில் கம்பியாக இறங்கியது.
நாலாவதில், "கல்லாட்டம் நிக்குது" என்றது.
"அப்படித்தாங்க நிக்கணும்."

ஆயிலில் அழுத்தம் ஏறினால்தான்
பின்விளக்கு எரியும் வண்டி இது.
படுத்தபடியே திரும்பிப் பார்த்தேன்.
ஷெட்டுச் சுவரில், சுண்ணாம்பின் மேல்
சிவப்பாக ஒரு வட்டம்.

நிப்பிளை இறுக்கினேன்.
ஸ்பேனரைத் துடைத்தேன், கையைத் துடைத்தேன்,
பாட்டிலை மூடிவைத்தேன்.
வட்டம் அப்படியே இருந்தது.
"போதுங்கம்மா" என்று சொல்லவில்லை.

ஒரு வட்டம்தான்.
வலப்பக்க பல்பு போயிருக்கிறது.
இர்ஷாத் வந்ததும்
மறுபடி நாலு ரோட்டுக்கு அனுப்ப வேண்டும்.