பதினாறாம் சூளை, ஏழாம் வில்லை

எழுதிவைக்காத சோதனை
நடக்காத சோதனை என்று
திருப்பூர்ச் சாயப்பட்டறை லேபில்
ஒன்பது வருடம் பழகியவள் நான்.
ஒரு டிப், ஒரு நம்பர், ஒரு துண்டுத் துணி.
பையர் கையெழுத்துப் போடும் வரை
நீலம் நீலமில்லை.

அதே பழக்கம்தான் இங்கும்.
சோமனூரில் தறிக்குடோன் ஒன்றின் பாதியை
வாடகைக்குப் பிடித்து
கரண்ட் சூளை இறக்கிய நாளிலிருந்து
பச்சை அட்டை லெட்ஜர்.
காங்கேயத்துக் கல்மாவு நாற்பது.
கவுந்தப்பாடி வெல்ல ஆலைச் சாம்பல் இருபத்தைந்து,
மூன்று தண்ணீரில் கழுவி வடித்துக் காயவைத்தது.
சுண்ணாம்பு இருபது. சீனக்களி பதினைந்து.
மேலாக, செம்பு ஒன்றரை,
அதை மட்டும் பொன் நிறுக்கும் தராசில்.
வில்லையின் முதுகில் காவியால் எண்.
தட்டில் எது எங்கே நின்றது என்று
பென்சிலில் ஒரு படம்.

பதினாறாம் சூளையைத் திறந்தபோது
பன்னிரண்டில் பதினொன்று
பார்க்க ஒன்றுமில்லை.
ஒன்று மட்டும்
மோர் கடைகையில் திரண்டு வரும்
வெண்ணெயின் விளிம்பு போல மேலே,
அடியில் பச்சை.
உள்ளே போன கண்ணைத்
திருப்பித் தராத பச்சை.

முதுகைத் திருப்பினேன்.
பூச்சு வழிந்து
எண்ணைத் தின்றிருந்தது.

மற்றதையெல்லாம் வரிசையாக வைத்தேன்.
இல்லாத எண் ஏழு.
இவ்வளவுதானா என்று சிரிப்புக்கூட வந்தது.

ஏழாம் கலவையை மறுபடி கலக்கினேன்.
பதினேழாம் சூளை: அழுக்குப் பச்சை.
பதினெட்டு: அதே அழுக்கு, கொஞ்சம் தாராளமாய்.
பத்தொன்பதில் சாம்பலைச் சந்தேகித்து
கவுந்தப்பாடிக்கு பஸ் ஏறினேன்.
"கரும்புச் சக்கையத் தவிர
வேறெதையும் அடுப்புல போடறதில்லீங்க"
என்றார் ஆலைக்காரர், மனசு நொந்து.
இருபதில் தராசைச் சந்தேகித்தேன்.
இருபத்தொன்றில் என்னை.

லெட்ஜரில் ஒவ்வொரு வரியும் சரி.
அதுதான் எரிச்சல்.
தப்பாக எழுதியிருந்தாலாவது
திருத்திப் பார்க்கலாம்.

சுவருக்கு அந்தப் பக்கம்
ஆறு தறி ஓட்டுகிறவர் பாவாயி அக்கா.
நைட் ஷிப்ட்.
சனிக்கிழமைக் கணக்கில் மீட்டர் குறைந்தால்
முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று
கரண்ட் போகும் நேரத்தை
சாக்பீஸால் சுவரில் எழுதிவைப்பார்.
சூளைத் தட்டைத் துடைக்க
கழிவுப் பஞ்சு கேட்கப் போனவள் படித்தேன்:
14 வியாழன். ராத்திரி 1.10 டூ 1.50.
பன்னெண்டு மீட்டர் போச்சு.

பதினான்கு, வியாழன்.
அலாரம் வைத்துத் தூங்கியிருக்கிறேன்.
ஆயிரத்து நூற்றெண்பதில் நின்று,
இறங்கி,
யாரும் பார்க்காமல்
மறுபடி ஏறியிருக்கிறது சூளை.
காலையில் கன்ட்ரோலர்
ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி
பச்சை விளக்கைக் காட்டியது.

அக்காவிடம் வில்லையைக் காட்டினேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"உனக்கு நல்லதாப் போச்சாக்கும்.
எனக்கு நாப்பது ரூபா போச்சு கண்ணு."

லெட்ஜரில் புதுசாக ஒரு கட்டம் போட்டேன்: கரண்ட்.
பழைய சூளைகளுக்கும் நிரப்பலாம் என்று
மறுபடி அந்தச் சுவருக்குப் போனால்
போன மாதம்தான் வெள்ளையடித்தார்களாம்.
பதினைந்து கட்டங்களில்
கேள்விக்குறி போட்டேன்.

இருபத்திரண்டாம் சூளை.
ஒன்று பத்துக்கு
நானே மெயினை அணைத்தேன்.
நாற்பது நிமிடம் இருட்டு.
அந்தப் பக்கம் ஆறு தறியும்
தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன.
செங்கல் ஆறும்போது
மெல்ல நெட்டி முறிக்கும் என்று
அன்றுதான் தெரிந்தது.
அதையும் எழுதினேன்,
எந்தக் கட்டம் என்று தெரியாமல் ஓரத்தில்.

மறுநாள் மாலை
இரண்டு வில்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து,
ஜன்னலுக்குக் கொண்டுபோய்,
டியூப்லைட்டுக்குக் கொண்டுபோய்,
மறுபடி ஜன்னலுக்கு.

பிறகு, ஒன்பது வருடம்
பையர்களிடமிருந்து எனக்கு வந்த வரியை
ஏழுக்கு எதிரே எழுதினேன்:
பக்கத்தில் வந்திருக்கிறது.
இது இல்லை.
மறுபடி அனுப்பவும்.