எட்டாம் நாள்

சுங்கை சிப்புட் சுகாதார நிலையத்தில்
பதினோரு பேர், தரையில் பாய்.
மிஸி சலேஹா பாதித் தமிழில் சொன்னாள்:
"கத்தரிக்கோல் பதினைந்து நிமிசம் கொதிக்கணும்.
இல்லே, ஏழாம் நாள் பிள்ளைக்குத் தாடை பூட்டிக்கும்."

தோல்பொம்மையின் கொடியை
முடிச்சிட்டுக்கொண்டிருந்த என் விரல்
அங்கேயே நின்றது.

மூன்றாம் லயத்துப் பவளக்கொடியின் பிள்ளை
முலைக்கு வாய் திறக்காமலே போனது.
காத்து அண்டிடுச்சு என்றேன்.
மஞ்சள் துணியில் காசு முடியச் சொன்னேன்.
காலையில் பால்மரம் வெட்டிய கத்தி
அப்போதும் என் இடுப்பில்.
முந்தானையில் துடைத்துத்தான் அறுத்தேன்,
நன்றாகவே துடைத்தேன்.

படிவத்தில் ஒரு கட்டம்: இறந்தது எத்தனை?
சைபர் போடு என்றாள் பக்கத்தில் இருந்தவள்.
எழுதத் தெரியாத நான்
மிஸியிடம் விரல்களைக் காட்டினேன்.
ஒரு கை போதவில்லை.

இன்றைக்குப் பவளக்கொடிக்கு மறுபடி வலி.
தகரப்பெட்டியைத் திறக்கிறேன்.
"புதுக் கத்தரியா அக்கா?
போன தடவ கத்தி தானே..."

லயத்தில் கடிகாரம் இல்லை.
கிராணி வீட்டு ரேடியோவில்
செய்தி தொடங்கி முடியும்வரை
கொதிக்கட்டும் என்கிறேன் அவள் புருசனிடம்.

அவளுக்குப் பதில் இருக்கிறது.
எட்டாம் நாள் விடியட்டும்.