வெட்டிய அகலம்

மூன்று நாளாய்ப் பாலமீன்மடு மணலில்
பெக்கோவோடு நிற்கிறேன்.
கடிதம் வரவேண்டும்.
கச்சேரியில் கூட்டம்,
கூட்டம் முடிந்து இன்னொரு கூட்டம்.

படுவான்கரையில் நெல்லுக்குக் குடலைப் பருவம்.
"இன்னும் ரெண்டு நாள் தண்ணிக்குள்ள கிடந்தா
வட்டையோட அழுகிரும், வெட்டு தம்பி"
என்கிறார் வட்டவிதானை பூபாலபிள்ளை,
முழங்காலில் சேறு காய்ந்து வெடிக்க.
"இப்ப வெட்டினா றாலெல்லாம் கடலுக்குப் போயிரும்.
மறுகா நாங்க எதப் புடிக்கிற?"
இது ஆதம்பாவா.
இருவரும் என்னையே பார்க்கிறார்கள்,
சாவி என்னிடம் இருப்பதால்.

அளவுகோலைப் படித்துவிட்டு வந்த பெண் சொன்னாள்:
கடல் முந்திப்போல் இறங்குவதில்லை.
வெட்டினால் எந்தப் பக்கம் ஓடுமென்று
நிச்சயமாய்ச் சொல்ல ஏலாது.
"ஆர் ஏத்தினது கடலை?"
உலகம், என்றாள்.
நம்முடைய பங்கு கடுகளவு.
"அப்ப உலகத்துக்கு ஆர் கடிதம் போடுற?"
சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.
கடுகளவை விட்டுவிடலாமா குறைக்கலாமா என்று
நானும் கேட்கவில்லை.

பெக்கோ சும்மா உறுமிக்கொண்டு நின்றது.
மழைக்குள் மறுபடி கிளம்பாதோ என்ற பயத்தில்
நான்தான் அணைக்காமல் வைத்திருந்தேன்.
தொடுவானில் ஒரு கப்பல்,
என் ஆயுளுக்கும் நான் எரிப்பதை
ஒரே இரவில் எரித்துக்கொண்டு
விளக்குகளோடு தெற்கே போனது.
அதன் சாவி யாரிடமோ.
என் சாவியைத் திருப்பினேன்.
உறுமல் நின்றதும் கடல் கேட்டது.
அதுவரைக்கும் அது
பேசாமலா இருந்திருக்கும்?

கடிதம் வந்தது, இரவு இரண்டரைக்கு,
நனைந்து, கையொப்பம் ஊறி.

முதல் வாளி. பத்தாவது வாளி. நாற்பது.
கடைசி மணலை அள்ளியதும்
கடல் உள்ளே வந்தது.
உள்ளே.
பூபாலபிள்ளை மண்வெட்டியை எறிந்துவிட்டு
என் தாயைப் பழித்தார்.
ஆதம்பாவா ஒன்றும் பேசாமல்
டோர்ச்சை வாய்க்காலிலேயே பிடித்திருந்தார்.

ஒரு மணித்தியாலம்.
வெளிச்சத்துக்குள் ஒரேயொரு ஆற்றுவாழை
சுற்றியது, நின்றது,
இன்னொருமுறை சுற்றியது,
பிறகு கடலைப் பார்த்துப் போனது.
அதன் பின்னால்
வாவி முழுக்க எழுந்து வந்தது.

விடிந்தபோது அங்கே நூறு மீற்றர் ஆறு.
பூபாலபிள்ளை பஸ் பிடிக்க ஓடினார்,
எத்தனை ஏக்கர் தப்பியதென்று தெரியாமல்.
ஆதம்பாவா வலையை ஏற்றினார்.
"நட்டம் எழுதிற கொப்பியில
எங்கட பேரும் வருமா?"
பதிலுக்கு நிற்கவில்லை.

படிவம் நிரப்பினேன்.
வெட்டிய அகலம்: நாலு மீற்றர்.
"மிச்சம் தொண்ணூற்றாறும் ஆர் வெட்டினது?"
மேற்பார்வையாளர் கேட்டார்.
அதற்கு அந்தத் தாளில் கட்டமில்லை.
நாலு வெட்டாமல் அது வந்திருக்காது,
நாலால் மட்டும் வந்ததுமில்லை.
வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த கட்டம்: எரித்த டீசல்.
வழக்கமாய்க் கொஞ்சம் கூட்டித்தான் போடுவோம்.
இன்று
சும்மா நின்று எரித்ததைத் தனியாகவும்
வேலையில் எரித்ததைத் தனியாகவும்
சரியாக எழுதிக் கொடுத்தேன்.
அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.