நாற்பத்தொன்றாம் புள்ளி

வானிலிருந்து எடுத்த படத்தில்
உம்சிண்டோவுக்கு மேற்கே வெறும் கூரைகள்.
தகரக் கூரை, புல்லுக் கூரை,
காற்றுக்குப் பயந்து டயர் ஏற்றிய கூரை,
பூசணி காயும் கூரை.
ஒவ்வொன்றின் மேலும் சிவப்பாய் ஒரு புள்ளி வைத்தேன்,
மூன்று வாரம்.
திரைக்கு அம்மை போட்டுவிட்டதா என்றாள்
தங்கை தேவஷ்னி.

அதில் அறுபதைக் குலுக்கி எடுத்தது கணினி.
கிளினிக் அருகில் நின்று ஆள் பிடித்தால்
கிளினிக் வரை நடக்க முடிந்தவர் நோய்தான் தெரியுமாம்.
டர்பனில் சொல்லி அனுப்பினார்கள்:
சாலையோர வீடாகப் பொறுக்காதே,
நாய் இல்லாத வீடாகப் பொறுக்காதே,
ஆளை மாற்றாதே.

முதல் புள்ளி கோழிக்கூடு.
ஒன்பதாவது
போன வெள்ளத்தில் போன வீடு, அடுப்புக்கல் மூன்று மிச்சம்.
இருபத்து மூன்றில் மூன்று முறையும் பூட்டு.
நான்காம் முறை பூட்டும் இல்லை,
கதவும் இல்லை.

நாற்பத்தொன்று
ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
முந்நூறு மீட்டர் என்றது கையிலிருந்த கருவி.
காக்கைக்குச் சரி.
எனக்குக் கரும்புக்குள் ஒன்றரை மணி நேரம்.

ஹ்லெங்கிவே ம்செலெகு துணி பிழிந்துகொண்டிருந்தாள்.
"ஏன் நான்?"
"குலுக்கலில் உன் கூரை வந்தது."
"லாட்டரியா! பரிசு?"
"இரத்த அழுத்தம் பார்ப்பேன்."
சிரித்தபடி கையை நீட்டினாள்.

எனக்குத் தெரிந்த ஜூலுவில் விளக்கினேன்:
எங்கள் கணக்கில் அவள் ஒருத்தி
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
கைப்பட்டை இறுகி, மெல்லத் தளரும்வரை
பேசவில்லை.
"அவர்களுக்குப் பதிலாக நான் பேசுவது
அவர்களுக்குத் தெரியுமா?"
"தெரியாது."
"அப்படியானால் கால்வலி என்று எழுதாதே.
பாவம், அத்தனை பேருக்கும் வந்துவிடும்."

பிறகு முகவாயால் காட்டினாள்:
"ஃபிகிலேயைப் பார். படுத்தே கிடக்கிறாள்."
காட்டிய இடத்தில்
மரத்தடியில் தார்ப்பாய் கட்டிய ஓர் அறை.
படத்தில் அது மரம்.
மரத்துக்கு நான் புள்ளி வைக்கவில்லை.

விதிப் புத்தகம் பைக்குள் கிடக்க
குனிந்து உள்ளே போனேன்.
நூற்றுத் தொண்ணூற்றாறுக்கு நூற்றுப் பதினெட்டு.
இன்னொரு முறை. அதேதான்.

படிவத்தில் அவளுக்குக் கட்டம் கிடையாது.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
திரும்பும் வழியெல்லாம்
கரும்புச் சோகையைக் கையால் விலக்கவில்லை,
தோளால் இடித்துக்கொண்டு நடந்தேன்.
கிளினிக் மூடும் நேரம்.
கதவில் சாவி போட்ட நர்சிடம்
வியர்த்த கையை
விரித்துக் காட்டினேன்.